கசகசா எண்ணெயும் கருக்குழாயும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எதிர் வீட்டுப் பேத்தி பெரிய பழுப்பு உறை ஒன்றோடு வந்து நின்றாள். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. "தாத்தா, நீங்க ஹெல்த் டிபார்ட்மெண்ட்ல இருந்தவங்கதானே, இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாருங்க" என்றாள். நான் டாக்டர் இல்லை, ஃபைல் கட்டிய குமாஸ்தா என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் மாமியார் வீட்டில் கேட்க முடியாததை எதிர் வீட்டுக் கிழவனிடம் கேட்கலாம் அல்லவா.

உறைக்குள் எச்.எஸ்.ஜி. எக்ஸ்ரே படம் இருந்தது. இடது கருக்குழாய், கர்ப்பப்பையோடு சேரும் முனையில் அடைப்பு என்று அறிக்கை சொன்னது. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது. கிட்டத்தட்ட இதே படம் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் 1978 முதல் இருக்கிறது.

வழக்கமாகக் காரைக்கால் நினைவுகளையும் ஆபீஸ் கதைகளையும் எழுதுகிறவன் நான். இந்த விஷயத்தை எழுதலாமா என்று என் மனைவியிடம் கேட்டேன். "எழுதுங்க, எனக்கென்ன, எழுபது வயசாச்சு" என்றாள். எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு வரியை அடிக்கச் சொன்னாள். அடித்துவிட்டேன்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் பதுவா நகரத்தில் உடற்கூறு வாத்தியாராக இருந்த கபிரியேலே ஃபலோப்பியோ, 1561-ல் வெளியிட்ட நூலில் இந்தக் குழாய்களைத் தெளிவாக விவரித்தார். அடுத்த வருஷமே, நாற்பது வயது முடிவதற்குள் இறந்துபோனார். அவர் வைத்த பெயர் "டியூபா". லத்தீனில் அதற்கு எக்காளம் என்று பொருள். முனை விரிந்த ஊதுகொம்பு போல இருக்கிறது என்று அவர் சொன்னதை, ஆங்கிலக்காரர்கள் வெறும் "டியூப்" ஆக்கிவிட்டார்கள். காரைக்காலில் நான் படித்தது பிரெஞ்சு மீடியம். பிரெஞ்சில் இதற்கு "த்ரோம்ப்" என்று பெயர். அந்தச் சொல்லுக்கு எக்காளம் என்ற பொருளும் உண்டு, யானைத் தும்பிக்கை என்ற பொருளும் உண்டு. தும்பிக்கைதான் பொருத்தம் என்பேன். சூலகத்திலிருந்து வெளிவரும் முட்டையைக் குழாயின் விரல் போன்ற நுனிகள்தான் தும்பிக்கை வாழைப்பழத்தை வாங்குவதுபோல வாங்கி உள்ளே அனுப்புகின்றன. முட்டையும் விந்தணுவும் சந்திப்பது அந்தக் குழாய்க்குள்தான். குழாயின் நீளம் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர். கர்ப்பப்பைப் பக்கத்தில் உள்ளே இருக்கும் வழி ஒரு மில்லிமீட்டர்கூட வராது.

அந்த ஒரு மில்லிமீட்டர் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று வயிற்றைக் கிழிக்காமல் கண்டுபிடிக்க 1919 வரை நம்பகமான வழி இல்லை. எங்கள் சித்தி காலத்தில் அரச மரத்தைச் சுற்றினார்கள், அடிவயிற்றைத் தடவிப் பார்த்தார்கள், பழமொழியும் சொல்லிச் சிரித்தார்கள். சித்தி சிரித்து நான் பார்த்ததில்லை.

நியூயார்க்கில் இசிடர் ரூபின் என்ற டாக்டர் 1919 நவம்பரில் ஒரு சோதனை செய்தார். கர்ப்பப்பை வாய் வழியாக வாயுவை மெல்லச் செலுத்துவது. முதலில் ஆக்சிஜன், பிறகு சீக்கிரம் கரைந்துபோகும் கார்பன் டை ஆக்சைடுக்கு மாறினார்கள். குழாய் திறந்திருந்தால் வாயு வயிற்றுக்குள் போய்விடும், மானியில் அழுத்தம் இறங்கும். அடிவயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் குமிழி சத்தம் கேட்கும். அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்ததும் வாயு மேலே ஏறி உதரவிதானத்தைத் தொட, தோள்பட்டை வலிக்கும். அந்த வலி நல்ல செய்தி. பாதரச அளவில் 200 மில்லிமீட்டர் வரை ஏறியும் அழுத்தம் இறங்காவிட்டால் அடைப்பு என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேல் ஏற்றுவது ஆபத்து.

எளிமையான, செலவில்லாத சோதனை. எக்ஸ்ரே மெஷின் இல்லாத ஊரிலும் செய்யலாம். அதனால்தான் உலகம் முழுக்க ஐம்பது வருஷம் ஓடியது. ஆனால் அதற்கு மூன்று குறை உண்டு. இரண்டு குழாயில் எது திறந்தது என்று அது சொல்லாது. ஒன்று திறந்திருந்தாலே வாயு போய்விடும். அடைப்பு எந்த இடத்தில் என்றும் சொல்லாது. மூன்றாவதுதான் எங்கள் வாழ்க்கையில் விளையாடியது. பயத்தாலோ வலியாலோ கர்ப்பப்பைத் தசை இறுகிக்கொண்டால், நல்ல குழாயின் வாயும் மூடிக்கொள்ளும். மானி அதையும் அடைப்பு என்றே காட்டும்.

எங்களுக்குக் கல்யாணம் 1973-ல். நாலு வருஷம் பார்த்துவிட்டு 1977-ல் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். பெயர் வேண்டாம், அந்த டாக்டரம்மா இப்போது இல்லை. "கேஸ் டெஸ்ட்" என்றார்கள். மயக்க மருந்து கிடையாது. என்ன செய்யப்போகிறோம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வயசுப் பெண், மேஜையில் படுத்து நடுங்கிக்கொண்டிருந்தாள் என்று பிறகு சொன்னாள். தோள்பட்டை வலிக்கவில்லை. சீட்டில் ஒரே வரி: இரண்டு குழாயும் அடைப்பு.

அந்த ஒரு வரி எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று இன்றைக்குள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். அதுவரை "கடவுள் கண் திறக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்த என் அம்மா, "டாக்டரே எழுதிக் குடுத்துட்டாங்களே" என்று சொல்ல ஆரம்பித்தார். சீட்டு, சாட்சிப் பத்திரம் ஆகிவிட்டது. வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு பெண் இருக்கிறாள் என்று பேச்சு வந்தது. அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-ஐக் காட்டி, இரண்டாம் கல்யாணம் செய்தால் வேலை போய்விடும் என்றேன். அம்மாவுக்குச் சட்டத்தைவிடச் சம்பளத்தில் பயம் அதிகம், பேச்சு நின்றது. ஆனால் நான் அன்று "எனக்கு வேண்டாம்" என்று சொல்லவில்லை, "விதி விடாது" என்றுதான் சொன்னேன். அதை என் மனைவி ரொம்ப நாள் மறக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு பரிசோதனை செய்யலாம் என்று அந்த ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

1978 ஜூலை கடைசியில் பேப்பரில் பெரிய செய்தி. இங்கிலாந்தில் சோதனைக் குழாய்க் குழந்தை. 25-ஆம் தேதி பிறந்த லூயிஸ் பிரவுன். அந்தத் தாய்க்கும் குழாய் அடைப்புதான். குழாயைச் சுற்றிக்கொண்டு போய், முட்டையை வெளியே எடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் கருவாக்கித் திரும்ப வைத்தார்கள் ஸ்டெப்டோவும் எட்வர்ட்சும். என் மனைவி அந்தப் பேப்பரை மடித்துத் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். அக்டோபர் 3-ஆம் தேதி கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயும் அதையே சாதித்தார். அங்கேயும் தாய்க்குக் குழாய்க் கோளாறு. லேப்ராஸ்கோப் இல்லாமல், சாதாரண ஃப்ரிட்ஜும் கையில் கிடைத்த கருவிகளும் வைத்துச் செய்ததாகச் சொல்வார்கள். மாநில அரசு ஒரு கமிட்டி போட்டது. கமிட்டி நம்பவில்லை. 1981-ல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய கைப்பட எழுதிய குறிப்புகளைப் பார்த்து, அவர் செய்தது உண்மைதான் என்று டாக்டர் ஆனந்த குமார் எடுத்துச் சொன்னது 1997-ல். முப்பத்தேழு வருஷம் கமிட்டிக் குறிப்புகளை டைப் அடித்தவன் நான். அந்தக் கதையைப் படித்தபோது இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

பேப்பரைப் படித்த அந்த ஆகஸ்டில்தான் அவளே சொன்னாள், "இன்னொரு தடவ பாக்கலாம்ங்க, மதுரையில." போனோம். அங்கிருந்த டாக்டரம்மா பழைய சீட்டைப் பார்த்துவிட்டு முதலில் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குப் பார்த்தாச்சா?" எனக்குக் காது சூடாகிவிட்டது. அடுத்த நாள் லேபில் கொடுத்தேன், குறை ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தேதி குறித்தார். மாதவிலக்கு நின்ற பின், முட்டை வெளிவரும் நாளுக்கு முன். இடையில் கரு தங்கியிருந்தால் எக்ஸ்ரே கூடாது என்பதற்காக.

எக்ஸ்ரே முறைக்கும் பழைய சரித்திரம் உண்டு. 1914-லேயே அமெரிக்காவில் கேரி என்பவரும், நாம் பார்த்த அதே ரூபினும், வெள்ளி மருந்து ஒன்றைச் செலுத்திப் படம் எடுத்துப் பார்த்தார்கள். அது வயிற்றைப் புண்ணாக்கியது. ரூபின் வாயுவுக்குப் போனதே இந்தத் தோல்விக்குப் பிறகுதான். பாரிஸில் மார்செல் கெர்பே என்ற மருந்தியல்காரர் 1901-ல் அயோடினை எண்ணெயில் பிணைத்து லிப்பியோடால் என்ற மருந்தைச் செய்திருந்தார். 1921-ல் சிக்கார், ஃபொரஸ்தியே என்ற இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள், அது எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிகிறது என்று காட்டினார்கள். 1925-ல் அர்ஜென்டினாவில் ஹூசர் அதைக் கர்ப்பப்பைக்குள் செலுத்திப் படம் எடுத்தார். எச்.எஸ்.ஜி. அப்படிப் பிறந்தது.

மதுரையில் எக்ஸ்ரே அறை வாசலில் நான் உட்கார்ந்திருந்தபோது, டெக்னீஷியன் ஒரு சின்ன அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து பிரெஞ்சில். "குடுங்க சார், எனக்குத் தெரியும்" என்று வாங்கினேன். திண்டுக்கல்லுக்கு வந்த நாளிலிருந்து என் பிரெஞ்சுப் படிப்பு ஒருவருக்கும் பிரயோஜனப்பட்டதில்லை. அன்றைக்குத்தான் முதல் முறை. "உய்ல் தெய்யெத்" என்று போட்டிருந்தது. "உய்ல்" எண்ணெய், அது தெரியும். அடுத்த வார்த்தை தெரியவில்லை. மானத்தை விடாமல் "ஏதோ ஒரு விதை எண்ணெய்" என்று சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவின் பழைய லாரூஸ் அகராதியைப் புரட்டினால், கசகசா! குருமாவில் அரைத்து ஊற்றும் அதே கசகசாவின் எண்ணெய்.

அந்த நாள் படத்தில் வலது குழாய் நூல் போல நிரம்பி, நுனியில் புகை போல மருந்து சிந்தியிருந்தது. இடது குழாய் முனையிலேயே நின்றுவிட்டது. எண்ணெய் மருந்து மெதுவாகப் பரவும் என்பதால் மறுநாளும் ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். மறுநாள் படத்தில் மருந்து அடிவயிற்றில் நன்றாகப் பரவியிருந்தது. "ஒரு பக்கம் நல்லா இருக்கு. இன்னொரு பக்கமும் பயத்துல சுருங்கியிருக்கலாம். ஒண்ணு போதும்மா" என்றார் டாக்டரம்மா. இரண்டும் அடைப்பு என்று எழுதிய சீட்டை என் மனைவி அங்கேயே கிழித்தாள். நான் ஒரு குமாஸ்தா, காகிதத்தைக் கிழித்தால் எனக்குப் பதறும். அன்றைக்குப் பதறவில்லை.

நாலாவது மாதம் நாள் தள்ளிப்போனது. எங்கள் மகள் 1979-ல் பிறந்தாள்.

எண்ணெய்தான் காரணமா? அந்தக் காலத்து டாக்டர்களே "படம் எடுத்த பிறகு சிலருக்குத் தங்குகிறது" என்று சொல்வதுண்டு. 2017-ல் நெதர்லாந்தில் 27 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து இதைச் சோதித்து வெளியிட்டார்கள். 1119 பெண்கள். பாதிப் பேருக்கு எண்ணெய் மருந்து, பாதிப் பேருக்கு நீர் மருந்து. ஆறு மாதத்துக்குள் எண்ணெய்ப் பக்கம் 39.7 சதவீதம் பேருக்குக் கரு தங்கியது, நீர்ப் பக்கம் 29.1. அவர்கள் குழாய் பெரிதாகக் கெட்டிருக்க வாய்ப்பில்லாத பெண்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். எண்ணெய் ரத்தக் குழாய்க்குள் போனால் ஆபத்து, அயோடினால் தைராய்டுக்கும் தொந்தரவு வரலாம். அதனால் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். எங்கள் மகள் எண்ணெயால் வந்தாளா, தானே வந்தாளா என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மா கடைசிவரை கோட்டை மாரியம்மனுக்குத்தான் கணக்கு எழுதினார்.

எச்.எஸ்.ஜி. எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. 1995-ல் நெதர்லாந்துக்காரர்களே பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். உண்மையில் அடைப்புள்ள 100 பேரில் 65 பேரைத்தான் படம் பிடிக்கிறது. திறந்த குழாயுள்ள 100 பேரில் 17 பேருக்கு இல்லாத அடைப்பைச் சொல்லிவிடுகிறது. கர்ப்பப்பை முனையில் தெரியும் அடைப்புதான் அதிகம் ஏமாற்றும். நுனியில் குழாய் உப்பி நீர் கோத்திருப்பது தெரிந்தால் அதைச் சுருக்கம் என்று தள்ள முடியாது. படத்துக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. நம் நாட்டில் குழாய் கெடுவதற்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். இருமலே இல்லாமல் உள்ளே வந்து குழாயை அரிக்கும். படத்தில் குழாய் விறைத்தும் மணி கோத்தது போலவும் தெரிந்தால் டாக்டர்கள் அந்தச் சந்தேகத்தில் மேற்கொண்டு பார்ப்பார்கள்.

நேராகக் கண்ணால் பார்ப்பதுதான் லேப்ராஸ்கோப்பி. அதைப் பெண்கள் வைத்தியத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் பாரிஸில் ப்ரோகா ஆஸ்பத்திரியில் இருந்த ராவுல் பால்மர். ஜெர்மன்காரன் பாரிஸைப் பிடித்து வைத்திருந்த 1943, 44-ல், மேஜையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, குடல் மேலே சரிந்த பிறகு, தொப்புள் பக்கம் குழல் விட்டுக் கர்ப்பப்பையையும் குழாயையும் பார்த்தார். கீழிருந்து நீலச் சாயத்தைச் செலுத்தி, குழாய் நுனியில் நீலம் வழிகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். குழாய்க்கு வெளியே உள்ள ஒட்டல்களும் தெரியும், எக்ஸ்ரேயில் அவை தெரியாது. ஸ்டெப்டோ பாரிஸுக்குப் போய் பால்மரிடம் கற்றவர்தான். அந்தக் குழலைக் கொண்டுதான் பின்னாளில் லூயிஸ் பிரவுனுக்கான முட்டையை எடுத்தார். எல்லோரும் லேப்ராஸ்கோப்பியைக் கடைசி வார்த்தை என்கிறார்கள். ஆனால் மயக்க மருந்து, ஆபரேஷன் தியேட்டர், செலவு எல்லாம் உண்டு. குழாயின் உள்சுவர் எப்படி இருக்கிறது என்று அதுவும் சொல்லாது.

இந்த லேப்ராஸ்கோப் எங்கள் பக்கம் வந்தது வேறு வேலைக்கு. 1985 செப்டம்பரில் மதுரையிலிருந்து திண்டுக்கல் மாவட்டம் பிரிந்தது. அடுத்த வருஷம் குடும்பநலப் பிரிவுக்கு என்னை மாற்றினார்கள். நம் வட்டாரம் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஏற்கனவே பேர் போனது. டாக்டர் சௌந்தரம் அம்மா 1947-ல் தொடங்கிய காந்திகிராமத்தில், கிராமக் குடும்பநல நிறுவனம் 1964-லேயே வந்துவிட்டது. நான் போன காலத்தில் "லேப் கேம்ப்" மும்முரம். பள்ளிக்கூட பெஞ்சில் வரிசையாகப் பெண்கள். குழந்தை ஏன் இல்லை என்று பார்க்கப் பால்மர் எடுத்த கருவியால், குழந்தை வேண்டாம் என்று குழாயில் ரப்பர் வளையம் போட்டார்கள். தப்பென்று சொல்லவில்லை, எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றியது. ஆனால் இலக்குப் பட்டியல் டைப் அடித்த அதே மெஷினில்தான் இன்னொரு வகை மனுவும் அடித்தேன். வளையம் போட்ட பிறகு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள், குழாயைத் திரும்ப இணைக்கக் கேட்டுத் தரும் மனு. இரண்டு பிள்ளைகளும் ஒரே கிணற்றில் போன ஒரு தாய், வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து, கைநாட்டு வைத்துவிட்டு என் மேஜை முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். அவரை மதுரைக்கு அனுப்பினோம். குழாய் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று முதலில் லேப்ராஸ்கோப் வைத்துத்தான் பார்ப்பார்கள். அவருக்கு அப்புறம் என்ன ஆனது என்பது ஃபைலில் வரவில்லை.

சோதனைக் குழாய் முறையும் நெருங்கி வந்தது. 1986 ஆகஸ்டில் பம்பாய் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் டாக்டர் இந்திரா ஹிந்துஜா. 1990-ல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ். நம் ஜெமினி கணேசனின் மகள்தான். அதற்குப் பிறகு குழாய் அடைப்பு என்ற வரிக்குப் பழைய பயங்கரம் கொஞ்சம் குறைந்தது. செலவு என்ற பயங்கரம் வந்தது. வாயுச் சோதனை மெல்ல மறைந்தது. இப்போது எக்ஸ்ரேகூட இல்லாமல், நுரை மருந்தோ உப்பு நீரோ செலுத்தி அல்ட்ராசவுண்டிலேயே பார்க்கிறார்கள். வலி குறைவு, கதிர் இல்லை. பார்க்கிறவர் கைத்திறனைப் பொறுத்தது.

எதிர் வீட்டுப் பேத்தியிடம் நான் மூன்றே விஷயம் சொன்னேன். முனையில் அடைப்பு என்றால் சுருக்கமாகவும் இருக்கலாமா என்று டாக்டரிடம் கேள். அடுத்து என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே விளக்கச் சொல், தெரியாமல் மேஜையில் படுக்காதே. மூன்றாவது, உன் வீட்டுக்காரருக்குப் பார்த்தாயிற்றா?

தலையைக் குனிந்துகொண்டாள். இல்லையாம்.

அன்று சாயந்தரம் அந்தப் பையன் பால் வாங்க வந்தபோது வாசலில் மடக்கினேன். காது சிவந்தது, பார்த்தேன். என் மனைவி உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து கொடுத்து, "இவரும் இப்படித்தான் தம்பி முழிச்சாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். வியாழக்கிழமை இருவரும் சேர்ந்து மதுரைக்குப் போகிறார்கள்.